வேன் வாங்க முன்னர் ஒரு கொப்பி வாங்குங்கள்

"ஹயருக்குக் கொடுக்கிற காசை லீசிங்குக்குக் கட்டினால் வேன் நமக்கே சொந்தமாகிவிடுமே!" எமது ஊர்களின் கடைத்தெருக்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு வரிக் கணக்கை நம்பிப் பெரிய டீசல் வேனை எடுத்துவிட்டு, பின்னர் கடையின் முதலில் கைவைத்துத் தவணை கட்டும் நிலைக்கு வந்த வியாபாரிகள் எம் மத்தியில் குறைவில்லை.

ஹயர் கூலி என்பது சாமான் ஏற்றும் நாளில் மட்டும் கொடுப்பது. தவணை அப்படியல்ல. பெருநாள் வியாபாரம் முடிந்து பஸார் வெறிச்சோடிக் கிடக்கும் மாதத்திலும் குறித்த திகதியில் அது வந்து நிற்கும். அதோடு சாரதியின் சம்பளம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, டயர், பிரேக், ஒயில் மாற்றம் என்று ஒரு பட்டாளமே பின்னால் வருகிறது. எம்மவர்களில் அநேகர் இவற்றைக் கடைச் செலவோடு கலந்துவிடுகின்றனர். மகன் ஓட்டினால் சாரதிச் சம்பளம் மிச்சம் என்றும் நினைக்கின்றனர். அந்த மகன் கல்லாவில் இல்லாத நாளில் போன வியாபாரத்தை யார் கணக்கில் எழுதுவது?

கல்முனையில் இருந்து புறக்கோட்டைக்குச் சாமான் எடுக்கப் போகும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். போக வர 700 கிலோமீற்றர், லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்று வைத்தால் ஒரு பயணத்துக்கு 70 லீற்றர் டீசல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒட்டோ டீசல் லீற்றர் 121 ரூபா. அப்போது ஒரு பயணத்தின் டீசல் செலவு 8,470 ரூபா. அதே வருடம் ஜூன் மாத இறுதியில் லீற்றர் 460 ரூபாவானது. அதே பயணம், அதே வேன், செலவு மட்டும் 32,200 ரூபா. ஹயருக்கு ஏற்றியவருக்கும் கூலி ஏறத்தான் செய்தது. ஆனால் அவரால் இரண்டு பயணத்தை ஒன்றாக்கிக்கொள்ள முடிந்தது. பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து ஒரே லொறியில் போட்டுக்கொள்ள முடிந்தது. வேன் வைத்திருந்தவரோ தவணையையும் கட்டிக்கொண்டு டீசல் வரிசையிலும் காத்துக் கிடந்தார்.

டீசலையாவது கண்ணால் காண்கிறோம். வேன் ஓடாமல் நிற்கும் நாளின் செலவை யாரும் காண்பதில்லை. ஒரு பேச்சுக்கு, டீசல் நீங்கலாகத் தவணை, சம்பளம், காப்புறுதி, தேய்மானம் எல்லாம் சேர்ந்து மாதம் 150,000 ரூபா என்று கொள்வோம். மாதத்தில் நான்கு பயணம் போகிறவருக்கு ஒரு பயணத்தின் மேல் 37,500 ரூபா விழும். பத்துப் பயணம் போகிறவருக்கு 15,000 ரூபாதான். வேன் லாபமா நட்டமா என்பதைத் தீர்மானிப்பது வேனின் விலையை விட இந்த எண்ணிக்கைதான். லீசிங்காக இருந்தாலும் இஜாராவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒப்பந்தம் மார்க்கத்துக்கு உடன்பாடாக இருப்பது ஒரு விடயம், அது கடைக்குத் தாங்குமா என்பது வேறு விடயம்.

"வேன் என்றைக்கும் விலை இறங்காது" என்ற நம்பிக்கையும் பலரிடம் உண்டு. இது எங்கிருந்து வந்தது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பாவித்த வாகனங்களின் விலை ஏறியது. வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்றவர்களும் உள்ளனர். அதைப் பார்த்துத்தான் காணி, தங்கம் போல வேனும் ஒரு சேமிப்பு என்று எண்ணத் தொடங்கினோம். 2025இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. கதவு மூடியிருந்த ஐந்து வருடத்தின் விலையை வைத்து இனி வாங்கும் வேனுக்குக் கணக்குப் பார்க்க முடியாது.

எந்த வேன் என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கும். பழைய டொல்பின் வகை ஹையேஸின் இயந்திரம் எளிமையானது, ஊர் பாஸ் ஒருவரே திருத்திவிடுவார். பின்னர் வந்த கேடிஎச் வகையின் கொமன் ரெயில் இயந்திரத்துக்கு இழுவை அதிகம். ஆனால் அழுக்கு டீசலும் தண்ணீர் கலந்த டீசலும் அதன் இன்ஜெக்டருக்கு ஆகாது. டீசல் பில்டரில் மிச்சம் பிடித்தவர்கள் கராஜில் அதைப் போல பல மடங்கு கட்டியிருக்கிறார்கள். பாவித்த வேன் எடுப்பவர் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும். பதில் தெளிவில்லையேல் உடனே மாற்றிவிடுவதே நல்லது, அது அறுந்தால் இயந்திரமே போய்விடும்.

பாரம் ஏற்றும் விடயத்தில் எம்மவர்களுக்கு இரக்கமே கிடையாது! ஏறத்தாழ ஒரு தொன் சுமக்கச் செய்யப்பட்ட வேனின் பின் ஸ்பிரிங்கில் மேலதிகத் தட்டுகளைச் செருகிவிட்டு இரண்டு தொன் ஏற்றுகின்றனர். ஸ்பிரிங் தாங்கும், பிரேக் தாங்காது. மஹியங்கனை பதினெட்டு வளைவு பாதையில் இறங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இவ்வளவும் சொல்வதால் வேனே வேண்டாம் என்பதல்ல எமது கருத்து. பேக்கரி வைத்திருப்பவருக்கும், கோழி இறைச்சி விநியோகிப்பவருக்கும், தினமும் கடை கடையாகச் சாமான் போடுபவருக்கும் சொந்த வேன் அவசியம். புறக்கோட்டைக்கு வாரம் ஒரு முறை போகிறவர்தான் யோசிக்க வேண்டும். அவர் ஒரே தெருவின் இரண்டு மூன்று கடைக்காரர்களோடு பங்கு சேரலாம், செலவுப் பங்கையும் ஓட்ட நாட்களையும் எழுத்தில் போட்டுக்கொண்டால். அல்லது வெறுமையாகப் போகும் வேனில் மருதமுனைக் கைத்தறிச் சாரமோ அரிசியோ ஏற்றிப் போகலாம். ஆனால் பிறர் சாமானைக் கூலிக்கு ஏற்றுவதாயின் காப்புறுதிப் பத்திரம் அதற்கு இடம் தருகிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வாகனக் காப்புறுதி உள்ளே இருக்கும் சாமானுக்கும் சேர்த்தது என்று நினைப்பதும் தவறு, அதற்குத் தனியாக எடுக்க வேண்டும்.

வாங்க நினைப்பவர் முதலில் ஒரு கொப்பி வாங்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒவ்வொரு ஹயரையும் திகதி, தூரம், சாமானின் நிறை, கொடுத்த கூலி, நாட்டாமைக் கூலி என்று எழுதி வரட்டும். லீசிங் கம்பனிக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கையில் எடுத்துச் செல்லட்டும்.