அப்பாவின் மச்சான், அம்மாவின் தம்பி

மானிடவியலில் குடும்பத்தை வரைய ஒரு முறை இருக்கிறது. ஆண் முக்கோணம், பெண் வட்டம். கல்யாணத்துக்குச் சமக்குறி, இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. யாரிடமிருந்து உறவை எண்ணத் தொடங்குகிறோமோ அவரை மட்டும் கறுப்பாக நிரப்ப வேண்டும். பாடப்புத்தகம் அவரை 'ஈகோ' என்கிறது. நான் புரட்டிய புத்தகங்களில் கறுப்பு பெரும்பாலும் முக்கோணத்துக்குள்தான் இருந்தது. முறைப்பெண் யார், யாரைக் கட்டலாம், யாரைக் கூடாது என்பதெல்லாம் அந்த முக்கோணத்தின் பார்வையிலிருந்துதான் சொல்லப்படும். வட்டங்கள் வந்து சேரும் இடமாகவோ, புறப்பட்டுப் போகும் இடமாகவோ இருக்கும்.

முதுகலை முதல் பருவத்தில் சொந்தக் குடும்பத்தின் வரைபடத்தைப் போட்டுவரச் சொன்னார்கள். ஊரில் கல்யாணமும் காதுகுத்தும் தவறாமல் பார்த்தே வளர்ந்தவளுக்கு இதில் என்ன படிக்க இருக்கிறது என்ற அலட்சியம் இருந்தது. லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற பெயர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டரில் வக்கீலாக இருந்தவர். பக்கத்திலிருந்த செனெகா பழங்குடியினர் அப்பாவின் சகோதரனையும் அப்பா என்றே அழைப்பதையும், அம்மாவின் சகோதரனுக்கு மட்டும் தனிப் பெயர் வைத்திருப்பதையும் பார்த்து வியந்தார். அச்சடித்த கேள்வித்தாள்களை மிஷனரிகளுக்கும் தூதரகங்களுக்கும் அனுப்பி உலகமெங்கும் உறவுச் சொற்களைத் திரட்டினார். தமிழ்ச் சொற்கள் ஆர்க்காடு மிஷனின் ஸ்கடர் குடும்பத்தார் வழியாக அவருக்குக் கிடைத்தன. வேலூர் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் குடும்பம்தான் அது. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா ஒரு பக்கம். மாமாவும் அத்தையும் இன்னொரு பக்கம். செனெகாவில் பார்த்த அதே பிரிப்பு. 1871-இல் வந்த அவருடைய பெரிய புத்தகத்தின் அட்டவணைகளில் தமிழ் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இதையே அவர் சான்றாக வைத்தார். போனது உண்மைதான், உறவுச்சொல் அதற்குச் சான்றாகாது என்று பின்னால் வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த மார்கனே 1851-இல் மணந்தது அம்மாவின் பிறந்த வீட்டுப் பெண்ணைத்தான். எங்கள் வகுப்பில் அதிகம் ரசிக்கப்பட்ட தகவல் இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து லூயி துய்மோன். பிரெஞ்சுக்காரர். 1949-50 வாக்கில் மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர்களோடு இருந்து ஆராய்ந்தவர். 1953-இல் திராவிட உறவுமுறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தாய்மாமனை அம்மாவின் ரத்தமாக மட்டும் பார்க்காதீர்கள், அப்பாவின் மச்சானாகப் பாருங்கள் என்பது அதன் சாரம். அப்பா தலைமுறையில் மச்சான், என் தலைமுறையில் மாமனார், அடுத்த தலைமுறையிலும் அதே இரண்டு வீடுகள். சம்பந்தம் என்பது ஒரு முறை நடந்து முடிகிற காரியம் இல்லை, சொத்தைப்போல வாரிசுக்கு இறங்குகிறது என்றார். இப்படிப் பார்த்தால் நம் ஊர்க் கல்யாணங்கள் சட்டென்று விளங்குவது நிஜம். அவ்வளவு சுத்தமான வாதம்.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "உங்கப்பாவுக்கு மச்சான் ஆகுறதுக்கு முந்தியே அவன் எனக்குத் தம்பி. அந்த வெள்ளக்காரர்கிட்ட யாரும் சொல்லலையா?"

துய்மோனுக்கு எதிராக எழுதப்பட்ட பக்கங்கள் நிறைய இருக்கின்றன. எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வாக்கியம்தான். அம்மாவின் கணக்கில் கறுப்பு வட்டம் அவர்தான். தம்பி மகனுக்கு என்னைக் கொடுக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசைப்பட்டதை இரண்டு வீடுகளின் ஒப்பந்தமாக அவர் பார்க்கவில்லை. தான் பிறந்த வீட்டுக்குப் போய்வர ஒரு காரணம் வேண்டும். மகள் அங்கே இருந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். மார்கரெட் டிராவிக் 1990-இல் எழுதிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் அன்பு பற்றிய புத்தகத்தில் இதை நெருங்கி வருகிறார். பிரிக்கப்பட்ட அண்ணன் தங்கையின் ஏக்கம் பிள்ளைகளின் கல்யாணமாகத் திரும்பி வருகிறது என்கிறார். அழகான விளக்கம்தான். எனக்கு அதில் நிலம் குறைகிறது.

தாத்தாவின் நஞ்சை பிரிந்தபோது அம்மா சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். 1989-லேயே தமிழ்நாடு மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தது. அதற்குமுன் கல்யாணமானவர்களுக்கு மட்டும் இல்லை. 2005-இல் வந்த மத்தியச் சட்டம் அந்த விலக்கையும் எடுத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ பெண்கள் இன்றைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும். கேட்காதவளுக்குத் தாய்மாமன் சீர் வரும்: காதுகுத்துக்குத் தோடு, சடங்குக்குப் பட்டு, கல்யாணத்துக்கு மாலை, தட்டுவரிசை, பந்தலில் முதல் மொய். இதைப் பாசம் என்று சொல்பவர்களையும், ஏமாற்று என்று சொல்பவர்களையும் நான் முழுதாக நம்புவதில்லை. மாமா தோட்டை வாங்கக் கடன் பட்டார் என்பதும் எனக்குத் தெரியும், வயல் யார் பேரில் இருக்கிறது என்பதும் தெரியும்.

வரைபடத்தைச் சரிபார்க்க மொய் நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார் அப்பா. நம் ஊரில் உறவுக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடையாது. பேராசிரியர்கள் ஏன் இதைப் பாடமாக வைக்கவில்லை என்று தெரியவில்லை. ஊர், பெயர், தொகை. யாரோடு உறவு என்பதை வரைபடம் சொல்லும். யாரோடு இன்னும் போக்குவரத்து இருக்கிறது என்பதை நோட்டுதான் சொல்லும். அதிலும் அத்தை பெயர் இல்லை, சின்னம்மா பெயர் இல்லை. பணத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தது அவர்கள், நோட்டில் ஏறியது கணவர் பெயர். யார் வீட்டுக்கு எவ்வளவு திரும்பச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் அப்பா நோட்டைப் பார்த்துச் சொல்வார், அம்மா பார்க்காமல் சொல்வார்.

சட்டம் வேறொரு வேடிக்கை. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தை அப்படியே படித்தால், அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும் மணக்க முடியாது. தாய்மாமன் அக்காள் மகளை மணக்க முடியாது. வழக்கம் அனுமதித்தால் மணக்கலாம் என்ற விலக்கில்தான் நாம் குடியிருக்கிறோம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் உறவுக்குள் நடந்த திருமணம் 28 சதவீதம். இந்தியா முழுக்க 11. பிறக்கும் குழந்தைகளுக்கு வரக்கூடிய நோய்களை டாக்டர்கள் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். நான் மாமன் மகனைக் கட்டவில்லை என்பதற்கு அது ஒரு காரணம். அவனுக்கும் வேறு யோசனை இருந்தது இன்னொரு காரணம். அம்மா கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார்.

ஆய்வு சொல்லும் இன்னொரு எண்ணைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. ஒற்றைப் பிள்ளையும் ஒற்றைப் பிள்ளையும் மணந்தால் அவர்களுடைய குழந்தைக்குச் சித்தப்பா இல்லை, சின்னம்மா இல்லை, தாய்மாமன் இல்லை. மடியில் உட்காரவைத்து மொட்டை போட ஒன்றுவிட்ட மாமாவைத் தேட வேண்டும். அவரும் வெளிநாட்டில் இருந்தால் பங்காளி அல்லாத யாராவது ஒருவர். ஊரில் இப்போதே அப்படி நடக்கிறது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வரைபடத்தை அம்மாவைக் கறுப்பாக நிரப்பி வரைந்தேன். தாளின் நடுவுக்கு மாமா வந்துவிட்டார், அப்பா ஓரத்துக்குப் போனார். அவர் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சண்டைக்குத்தான் பாடத்தில் குறியீடு கிடைக்கவில்லை. மணமுறிவுக்கு உண்டு, மரணத்துக்கு உண்டு; ஒரே தெருவில் இருந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்கு இல்லை. நானே சிவப்பு பென்சிலால் வளைகோடு போட்டுக்கொண்டேன். வேண்டிய அளவு இருந்தது. அம்மா கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு பெரியம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் விரலை வைத்தார்.

"இத அழிச்சிரு. போன மாசம் பேசிட்டாக."