கல் எண்ணாத ஜமாபந்தி

ஆண்டுதோறும் கோடை தணியும் முன்பே தமிழகத்துத் தாலுகா அலுவலகங்களில், கிராமக் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கையான ஜமாபந்திக்குப் பந்தல் போட்டுவிடுகிறார்கள். பிர்க்கா வாரியாக ஊர்களுக்கு முறை வருகிறது. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, சுடுகாட்டுப் பாதை என்று மனுக்கள் குவிகின்றன. கிராமக் கணக்குகளைப் புரட்டிக் கையெழுத்திடும் அதிகாரி, நில அளவைச் சங்கிலியையும் நீட்டச் சொல்லி அதன் நீளம் சரியா என்று பார்க்கிறார். கடைசி நாள் குடிகள் மாநாட்டில் சிலர் கையில் பட்டா கொடுக்கப்படுகிறது. மறுநாள் செய்தித்தாளில் படம் வருகிறது.

சங்கிலி சரியாக இருக்கிறது. அதைப் பிடித்து அளக்கத் தொடங்க வேண்டிய கல் வயலில் இருக்கிறதா என்பதைத்தான் அந்தப் பந்தலில் யாரும் அழுத்திக் கேட்பதில்லை.

பிரிட்டிஷ் ஆட்சியில் மாவட்ட நில அளவை அலுவலகத்தின் ஆண்டு வேலையே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. அதற்காக அந்த ஆட்சிக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் நிலத்தை அளந்தது வரிக்காக. 1792ல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலைப் பெற்றதும், கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் சேலம் சீமையில் வயல் வயலாக அளக்கத் தொடங்கினார்கள். மன்றோ 1820ல் சென்னை கவர்னரான பிறகு, குடியானவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. அடிப்படை அளவை ஒழுங்காக இல்லாத இடங்களில் தீர்வை மனம்போன போக்கில் விதிக்கப்பட்டது. வரி வசூலுக்காகக் குடியானவர்கள் சித்திரவதை செய்யப்பட்டதை 1855ல் அரசே அமைத்த விசாரணைக் குழு பதிவு செய்தது. அதன் பிறகே, 1858ல், மாகாணம் முழுவதற்குமான வருவாய் நில அளவை முறையாகத் தொடங்கியது. நிகர விளைச்சலின் மதிப்பில் பாதி அரசுக்கு, தீர்வைக்கு ஆயுள் 30 ஆண்டு என்பது அன்றைய கணக்கு.

நோக்கம் எதுவானாலும் அவர்கள் கட்டிய அமைப்பு நுணுக்கமானது. 66 அடி நீளமுள்ள குண்டர் சங்கிலியில் 100 லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. இன்று வீட்டுமனை பேசும் தரகர் வரை எல்லோர் வாயிலும் புழங்கும் சென்ட் அந்தச் சங்கிலியிலிருந்து வந்ததுதான். ஊர் எல்லையைத் தியோடலைட் வைத்து அளந்தார்கள். ஊருக்குள் ஒவ்வொரு புலத்துக்கும் எண் கொடுத்து, மூலைகளில் கல் நட்டு, கல்லுக்குக் கல் மூலைவிட்டம் இழுத்தார்கள். வரப்பு வளையும் இடங்களுக்கு அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக அளவு எடுத்தார்கள். ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு வரைபடம். இன்று எஃப்.எம்.பி. என்று ஊரே சொல்லும் புலப்படம் இதுதான்.

இந்தப் படத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அதில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கிடையாது. கல்லிலிருந்து கல்லுக்கு எத்தனை லிங்க் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். தரையில் இரண்டு கற்கள் கிடைத்தால், சர்வேயர் மீதி எல்லையை மறுபடி வரைந்துவிடுவார். இரண்டும் தொலைந்தால் பக்கத்துப் புலத்தின் கல்லைத் தேடிப் போக வேண்டும். அதுவும் இல்லையென்றால் அதற்கும் அடுத்தது. தள்ளிப் போகப் போகப் பிழை கூடும், சண்டையும் கூடும்.

இதை அந்தக் காலத்து அலுவலகம் உணர்ந்திருந்தது. வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலை 1ல் பிறக்கும். அதிலிருந்து ஊர்க் கணக்கரான கர்ணம் மாதாமாதம் வயலில் இறங்கி, எந்தப் புலத்தில் என்ன பயிர், எந்தப் பாசனம் என்று பார்த்து அடங்கல் என்ற பயிர்க் கணக்கில் எழுத வேண்டும். அதை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வயலுக்கே வந்து ஒத்துப் பார்ப்பார். இதற்கு அஜ்மாயிஷ் என்று பெயர். புறம்போக்கில் யாராவது கை வைத்திருந்தால், 1905ம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி பி மெமோ என்ற ஆக்கிரமிப்பு அறிக்கை எழுத வேண்டும். ஏரி உள்வாயில் யாராவது உழுதிருந்தாலும் அது அந்த ஆண்டுக் கணக்கிலேயே ஏற வேண்டும். காணாமல் போன, சாய்ந்த, உடைந்த கற்களுக்குப் பட்டியல் போட வேண்டும். பாகம் பிரிந்தாலும், கிரயம் நடந்தாலும், தர்க்காஸ்து மனுவின்மேல் அரசு நிலம் கொடுக்கப்பட்டாலும் சர்வேயர் போய் அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். அறுவடை முடிந்து வயல் வெறுமையாகும் மாதங்கள்தான் சங்கிலி போடத் தோதானவை. அளந்தது புலப்படத்தில் ஏறி, பதிவேட்டில் ஏறி, சிட்டாவில் பட்டாதாரர் பெயராக முடியும். இந்தத் தொடர் அறுந்த இடங்களைக் கண்டுபிடித்துத் தைக்கும் இடம்தான் ஜமாபந்தி.

இந்த ஏற்பாடு நேர்மையாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. கர்ணம் பதவி பரம்பரையாக வந்தது. கணக்கு அவர் வீட்டுப் பரணில் இருந்தது. வேண்டியவருக்கு ஓர் எழுத்து, வேண்டாதவருக்கு வேறோர் எழுத்து. 1892ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் கைமாறிப் போனதில் கிராமக் கணக்குக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த மோசடிகளை இன்று மெய்ப்பிக்க உதவுவதும் புலவாரியாக நில விவரம் எழுதிய பழைய 'ஏ' பதிவேடுகளே. நிலத்தை மீட்கப் போராடுகிறவர்கள் முதலில் தேடி ஓடுவது அவற்றைத்தான்.

வயலிலிருந்து ஜமாபந்தி வரை நீண்ட அந்தத் தொடர் அறுபட்டது 1980ஐ ஒட்டி. 1979ல் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. யு.டி.ஆர். என்றால் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஆண்டே எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. பரம்பரை ஆதிக்கத்தை ஒழித்த அந்த முடிவில் நியாயம் இருந்தது. அதே 1980ல் மேலே வருவாய் வாரியமும் கலைக்கப்பட்டது. வயலை அறிந்த அடிமட்ட ஆளும், நடைமுறையைக் காத்த உச்ச அமைப்பும் ஒரே நேரத்தில் போன காலத்தில்தான் மாநிலத்தின் நிலக் கணக்கு முழுவதும் புதிதாக எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 1987ல் திட்டம் முடிந்தபோது ஏக்கர் ஹெக்டேராகிவிட்டது. கூடவே பெயர் மாறியவை, பரப்பு குறைந்தவை, பட்டா புறம்போக்கானவை, புறம்போக்கு பட்டாவானவை என்று பிழைகளும் புகுந்தன. 'யு.டி.ஆர். தவறு' என்று தலைப்பிட்ட மனுக்கள் நாற்பது ஆண்டு கழித்தும் கோட்டாட்சியர் அலுவலகங்களில் குவிகின்றன.

அதற்குப் பிறகு அரசின் கவனம் கணினிக்குப் போனது. பட்டா, சிட்டா, 'ஏ' பதிவேடு எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. புலப்படங்களும் 'கொலாப்லேண்ட்' மென்பொருள் வழியாகத் திரைக்கு வந்துவிட்டன. உட்பிரிவு தேவைப்படாத கிரயங்களுக்குப் பத்திரம் பதிந்ததுமே பட்டா தானாக மாறுகிறது. கிராம நிர்வாக அலுவலரைத் தேடி நாலு நடை நடந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் திரையில் தெரியும் புலப்படம் பழைய படத்தின் கணினி வடிவம்தான். தரையில் கல் இல்லாவிட்டால் அதற்கும் தன் இடம் தெரியாது. எல்லைத் தகராறு வந்தால், இணையத்தில் எடுத்த வண்ணத்தாளோடு மறுபடியும் சர்வேயருக்குப் பணம் கட்டிக் காத்திருக்க வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் டிரோன் விட்டு மறு அளவை செய்துவிட்டால் கல்லே வேண்டாமே என்று ஒரு வாதம் இருக்கிறது. அளவை நவீனமாக வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் பழைய சென்னை மாகாணத்தின் மற்றப் பகுதிகளில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். ஆந்திரம் 2020 டிசம்பரில் பெரும் மறு அளவையைத் தொடங்கியது. டிரோன் பறந்தது, செயற்கைக்கோள் கருவிகள் வந்தன. கூடவே எல்லைக் கல்லில் திட்டத்தின் பெயரோடு ஒட்டி அன்றைய முதலமைச்சர் பெயரும், பாஸ்புத்தகத்தில் அவர் படமும் ஏறின. 2024ல் ஆட்சி மாறியதும் அவற்றை நீக்குவதே தனி வேலையாகிப் போனது. மலபாரையும் உள்ளடக்கிய கேரளத்தில் டிஜிட்டல் மறு அளவை 2022 நவம்பரில் தொடங்கியது. எந்த மாநிலமானாலும் சரி, மறு அளவை முடிந்த மறுநாளே எங்கோ ஒரு குடும்பத்தில் பாகம் பிரியும், எங்கோ ஒரு பொக்லைன் வரப்பைத் தள்ளும். ஆண்டுப் பராமரிப்பு இல்லையென்றால் புது அளவையும் சில ஆண்டுகளில் பழைய அளவைதான்.

பராமரிப்பு ஏன் தேய்ந்தது என்பதற்கு விடை கடினமில்லை. அன்று நிலவரி ஆட்சியின் முதன்மை வருமானம். ஒரு கல் நகர்ந்தால் கஜானாவில் துண்டு விழும். இன்று நிலவரி அரசுக் கணக்கில் தேடிப் பார்க்க வேண்டிய தொகை. கல் நகர்ந்தால் நஷ்டம் குடிமகனுக்கு. வங்கிக் கடன் தடைபடும். உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு தலைமுறை தாண்டும். நெடுஞ்சாலைக்கு நிலம் எடுத்தால் இழப்பீடு பங்காளிச் சண்டையில் முடங்கும். நஷ்டம் இடம் மாறிவிட்டதால் அரசின் அக்கறையும் இடம் மாறிவிட்டது.

சட்டம் மாறவில்லை என்பதுதான் வேடிக்கை. 1923ம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. கல்லைப் பராமரிப்பது நிலத்துக்காரர் கடமை என்கிறது அது. அவர் செய்யாவிட்டால் அரசு நட்டுச் செலவை வசூலிக்கலாம். கல்லைச் சேதப்படுத்தினால் தண்டிக்கலாம். கற்களைப் பார்த்து அறிக்கை அனுப்புவது கிராம நிர்வாக அலுவலரின் கடமைப் பட்டியலிலும் இருக்கிறது. சான்றிதழ், கணக்கெடுப்பு, நிவாரணப் பட்டியல், தேர்தல் பணி என்று அவர் தலையில் ஏற்றிய சுமையில் அந்தக் கடமை அடியில் போய்விட்டது.

எனவே அரசு செய்ய வேண்டியது புதுச் சட்டமோ புதுத் துறையோ அல்ல. ஜமாபந்திக்கு ஒவ்வொரு கிராமமும் ஒரு தாளைக் கொண்டு வரட்டும். புலப்படத்தின்படி இருக்க வேண்டிய கற்கள் எத்தனை, நேரில் கண்டவை எத்தனை, அந்தப் பசலியில் திரும்ப நட்டவை எத்தனை, அளக்காமல் நிலுவையில் நிற்கும் உட்பிரிவு எத்தனை, நீர்நிலைப் புறம்போக்கில் எழுதிய பி மெமோ எத்தனை. இந்த ஐந்து எண்களும் பட்டா கிடைக்கும் அதே இணையதளத்தில் ஊர் பெயரோடு வெளியாகட்டும். கண்ட கல் ஒவ்வொன்றின் இருப்பிடத்தையும் துல்லியமான செயற்கைக்கோள் கருவியால் குறித்துக்கொண்டால், நாளைய மறு அளவைக்கும் அது அடித்தளமாகும். எல்லா ஊரையும் ஒரே ஆண்டில் முடிக்க முடியாது. தாலுகாவுக்கு ஐந்து ஊர் என்று தொடங்கலாம். முதலில் ஏரியும் பஞ்சமி நிலமும் இருக்கிற ஊர்களை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய சர்வேயர் பணியிடங்களை நிரப்பும் உத்தரவு அடுத்த பசலி பிறக்கும் ஜூலை 1க்குள் வர வேண்டும்.