தகரப் பெட்டியில் ஒரு பத்திரம்



கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு ஜனாஸா வீட்டில், மூத்த மகள் தகரப் பெட்டியைத் திறந்து பழுத்துப்போன காகிதமொன்றை எடுத்துக் காட்டினார். அவருடைய வாப்பாவின் வாப்பா இந்நாட்டுப் பிரஜையாகப் பதிவு பெற்ற பத்திரம். "இதை இனி வைத்திருக்க வேணுமா ஹஸரத்?" என்றார். அவசியம் வைத்திருங்கள் என்றேன்.

1948 நவம்பரில் பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. இங்கேயே பிறந்தவராயினும் தந்தை இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். இல்லையேல் தந்தை வழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாயைப் பற்றிக் கேள்வியே இல்லை! மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர்களோடு, இந்தியாவிலிருந்து வந்து கண்டியில் கடை வைத்திருந்த நம்மவர்களும் இதில் அகப்பட்டார்கள்.

அவர்களுக்கென 1949இல் வேறொரு சட்டம் வந்தது. 1946 பிறக்குமுன் மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும். மனுச் செய்ய இரண்டே ஆண்டு அவகாசம். மனைவி மக்களும் இங்கே வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் நம் வியாபாரிகளுக்குப் பெரும் இடைஞ்சல். குடும்பத்தைக் கரையூரில் விட்டுவிட்டு வந்தவர்களல்லவா பலர்? எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக மனுக்கள் போயின. கிடைத்ததோ சுமார் 1,34,000 பேருக்கு. மிஞ்சியவர்களை 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இரு நாடுகளுக்குமாகப் பங்கு போட்டது. நாடற்றிருந்தோர் விவகாரம் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது.

குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து எதைப் பற்றியது தெரியுமா? கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பாதீர்கள் என்கிறது. கடனுக்கே அப்படியென்றால், பிள்ளையின் நாட்டுரிமைக்கு? நம் வீடுகளிலோ நகைக்குப் பூட்டு, பத்திரத்துக்குப் பழைய சொப்பிங் பேக்!

இன்னொன்று. 2003இல் பிரஜாவுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபின் தாய் வழியாகவும் பிள்ளைக்கு உரிமை உண்டு. ஆனால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைத் தூதரகத்திலோ இங்குள்ள காரியாலயத்திலோ ஓராண்டுக்குள் பதிய வேண்டும். பிந்தினால் வழியில்லை என்பதல்ல, அலைச்சல் கூடும்.

இதைச் சொன்னதும் அந்தச் சகோதரி திடுக்கிட்டார். அவருடைய மகளுக்குத் தோஹாவில் குழந்தை பிறந்து ஒன்பது மாதமாம். ஜனாஸா வீடென்றும் பாராமல் அப்போதே டெலிபோனை எடுத்தார்.