காத்திருக்கத் தெரியாத கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறப்பதற்கு முன்பே கடைகளில் நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிடுகின்றன. பேக்கரிகளில் பிளம் கேக்குக்கு முன்பதிவு, துணிக்கடைகளில் தள்ளுபடி, ராத்திரியானால் டிரம் சத்தத்தோடு கேரல் ரவுண்ட்ஸ். முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா ஆடுகிறார், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறார். இதில் தப்பு ஒன்றும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், திருச்சபையின் காலண்டரில் இந்த நாட்களில் ஒன்றுகூட கிறிஸ்துமஸ் இல்லை!

இது அட்வென்ட். கத்தோலிக்கர்களுக்குத் திருவருகைக் காலம். 'வருகை' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் இதில் அடக்கம். தவக்காலத்தில் உடுத்தும் அதே ஊதா நிறத்தைத்தான் பாதிரியார் இப்போதும் உடுத்துகிறார். ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் கிடையாது. பிறப்பு இரவில் தேவதூதர்கள் பாடிய பாட்டு அல்லவா, அந்த இரவுக்காக அதை எடுத்து வைத்திருக்கிறார்கள். முதல் ஞாயிறின் நற்செய்தி வாசகம் தொழுவத்துக் குழந்தையைப் பற்றியதே அல்ல, அவர் மறுபடியும் வரப்போவதைப் பற்றியது. மொத்தத்தில் இது காத்திருக்கும் காலம். ஆனால் 25-ம் தேதிக்குள் கேக் தின்று, பாட்டுப் பாடி, ஆடி முடித்துவிட்டால் அப்புறம் காத்திருக்க என்ன மிச்சம்?

பல ஆலயங்களில் பீடத்தின் அருகே பசுந்தழை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் வைத்திருப்பார்கள். வாரம் ஒன்றாக ஏற்றுவார்கள். அது ஏதோ ஆதித் திருச்சபை காலத்து வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துச் சேரிகளில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக யோஹான் ஹின்ரிக் விஹர்ன் என்ற லுத்தரன் இறையியலாளர் 1833-ல் ஓர் இல்லம் தொடங்கினார். டிசம்பர் வந்தால் போதும், "கிறிஸ்துமஸ் எப்போ?" என்று அந்தப் பிள்ளைகள் தினமும் நச்சரித்தார்கள். 1839-ல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, வார நாட்களுக்கு 20 சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் ஞாயிறுகளுக்கு 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் வைத்தார். நாளுக்கு ஒன்று. எவ்வளவு நாள் பாக்கி என்று பிள்ளைகளே எண்ணிக்கொள்ளலாம். பிற்காலத்தில் சின்னவை போய், நான்கு மட்டும் தங்கிவிட்டன.

வீடு இல்லாத பிள்ளைகள் எண்ணிய நாட்கள் அவை. வேண்டியதெல்லாம் நவம்பரிலேயே வாங்கி முடித்த வீட்டில் அந்த எண்ணிக்கைக்கு என்ன வேலை? தங்க இடம் கிடைக்காமல் மாட்டுத் தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தையின் பண்டிகை, எல்லாம் கிடைத்தவர்களின் பண்டிகையாகிவிட்டது என்ற உறுத்தலாவது வேண்டாமா?

இந்தக் காலத்தின் முக்கியமான ஆள் ஒருவர் இருக்கிறார். இரண்டாம், மூன்றாம் ஞாயிறு வாசகங்களில் அவர்தான் வருவார். ஒட்டக மயிர் உடையும் வெட்டுக்கிளிச் சாப்பாடுமாக வனாந்தரத்தில் திரிந்த யோவான் ஸ்நானகன். வாழ்த்து அட்டைகளில் ஆட்டுக்குட்டிக்குக்கூட இடம் உண்டு, பாவம் அவருக்கு இல்லை. மெசியாவின் வருகைக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வந்தவர்களிடம் அவர் ஜெபத்தையோ உபவாசத்தையோ சொல்லவில்லை என்கிறது லூக்கா நற்செய்தி. வரி வசூலிப்பவனிடம், விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார். போர்வீரனிடம், மிரட்டிப் பணம் பறிக்காதே என்றார். மற்ற எல்லோருக்கும் சொன்னது உடுப்பைப் பற்றி: இரண்டு வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும்.

சரியாகத் துணி எடுக்கும் சீசனில்தான் இந்த வாசகம் வருகிறது! அதைக் கேட்டுவிட்டு, மதியமே ஆளுக்கு இரண்டு செட் எடுக்க ஜவுளிக்கடைக்குக் கிளம்புகிற குடும்பங்கள் எத்தனையோ. கேரல் ரவுண்ட்ஸில் வீடு வீடாகச் சேரும் காணிக்கைக் கவரும் அப்படித்தான். சில சபைகளில் அது ஏழைப் பிள்ளைகளின் உடுப்பாகிறது. சில இடங்களில் வாலிபர் சங்கத்தின் பிரியாணியோடு சரி.