காப்பிரியர் வரலாற்றுக்கு ஆண்டில் ஒரு நாள்: நிலைப்பாட்டு அறிக்கை

ஆபிரிக்காவிலிருந்து படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களான இலங்கைக் காப்பிரியரின் வரலாற்றைத் தமிழ்மொழிப் பாடசாலைகள் ஆண்டுதோறும் ஒரு நாளில் நினைவுகூர வேண்டும் என்பதும், அந்நாளைத் தெரிவுசெய்யும் உரிமை அச்சமூகத்துக்கே உரியது என்பதும் கல்கிசையில் இயங்கும் இவ்வமைப்பின் நிலைப்பாடாகும்.

இத்தகைய நினைவுகூரலுக்கு முன்னோடி அமெரிக்காவில் உண்டு. அடிமைகளாய் இருந்த பெற்றோருக்குப் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, பின்னர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற கார்ட்டர் வூட்சன் 1926 பெப்ரவரியில் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடக்கிவைத்தார்; ஆபிரகாம் லிங்கனின் பிறந்தநாளையும், அடிமைத்தளையிலிருந்து தப்பி அதன் ஒழிப்புக்காக முழங்கிய பிரெடரிக் டக்ளஸின் பிறந்தநாளையும் கறுப்பின மக்கள் ஏற்கெனவே கொண்டாடி வந்தமையாலேயே அவ்வாரம் தெரிவாயிற்று. 1976இல் அது ஒரு மாதமாக விரிந்தது. ஒரு மக்களின் கடந்தகாலத்தைப் பாடநூல்கள் விட்டுவிட்டால், அவர்களுக்குக் கடந்தகாலமே இல்லை என்று பிள்ளைகள் நம்பிவிடுவர் என்பதே வூட்சனின் கவலை.

அக்கவலை கொழும்புக்கும் பொருந்தும். 14ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த பயணி இப்னு பதூதா, கொழும்பில் அதிகாரம் செலுத்திய ஜலஸ்தி என்பவரிடம் ஏறத்தாழ 500 அபிசீனியர் இருந்ததாகக் குறித்துள்ளமையால், ஆபிரிக்கர் இம்மண்ணில் கால்வைத்தது போர்த்துக்கேயருக்கும் முந்தியது எனலாம். ஒல்லாந்தர் தம் அடிமைகளை அடைத்துவைத்த, பேரை வாவியை ஒட்டிய நிலம் ஆங்கிலத்தில் 'ஸ்லேவ் ஐலண்ட்', அதாவது அடிமைத்தீவு, என வழங்கிற்று. தமிழில் அது கொம்பனித்தெரு. கொம்பனிக்கு அப்பெயரில் இடம் கிடைத்தது, அடிமைகளுக்குக் கிடைக்கவில்லை.

இன்று ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் சிலர் புத்தளத்துக்கு அருகே சிரம்பையடியில் வாழ்கின்றனர். சிரட்டையும் கரண்டியும் கண்ணாடிப் போத்தலும் தாளமிட அவர்கள் பாடும் மஞ்சா இசையின் சொற்கள் போர்த்துக்கேயக் கலப்புமொழியைச் சேர்ந்தவை. பாடும் இளையோர் பலருக்கு அவற்றின் பொருள் முழுமையாகத் தெரியாது. காப்பிரி என்ற பெயரை அவர்கள் தமதாக ஏற்றுள்ளனர். ஆயின் தமிழர் நாவில் அது 'காப்பிலி' எனத் திரிந்து, கறுத்த நிறமுடைய எவரையும் இழிக்கும் வசையாகியுள்ளது. வீட்டிலும் வகுப்பறையிலும் அச்சொல் கைவிடப்பட வேண்டும்.

அடிமை முறை பிறர் செய்த கொடுமை மட்டுமே என்று தமிழர் ஒதுங்கவும் இயலாது. யாழ்ப்பாணத்தில் கோவியர், நளவர், பள்ளர் ஆகியோர் பிரித்தானியர் காலத்திலும் அடிமைகளாகப் பதியப்பட்டிருந்தனர். இலங்கை முழுவதிலும் அம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844இலேயே. இவ்விரு வரலாறுகளும் அந்நாளில் சேர்த்தே கற்பிக்கப்பட வேண்டும்.

பெப்ரவரியை அப்படியே இரவல் வாங்குவதை இவ்வமைப்பு ஏற்கவில்லை. வூட்சன் தம் மக்கள் போற்றிய நாள்களைப் பின்தொடர்ந்ததுபோல, இங்கும் சிரம்பையடியின் சொல்லே முதலில் கேட்கப்பட வேண்டும். பாடசாலைகள் அவர்களை மஞ்சா பாடி மேடையிறங்கும் கலைஞராக மட்டும் அழைக்காமல், பயணச் செலவும் உரிய மதிப்பூதியமும் கொடுத்து, தம் வரலாற்றைத் தாமே கற்பிக்கும் ஆசிரியராக வகுப்பறைக்குள் அழைக்க வேண்டும்.