முதல் சம்பளமும் மூன்றாவது கம்பனியும்

வேலையில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வேறொரு கம்பனி கூப்பிடுகிறது. கையில் வருவதைவிடக் கணிசமாகக் கூடத் தருவதாகச் சொல்கிறது. போவதா, இருப்பதா? ஊவாவின் தோட்டங்களிலிருந்து மென்பொருள் துறைக்கு வந்திருக்கும் இளையவர்களிடம் இன்று அதிகம் புழங்கும் கேள்வி இதுதான். போகலாம் என்பதே எங்கள் பதில். ஆனால் எப்போது, எதைக் கணக்குப் பார்த்து என்பதை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு மேலே டீம் லீடாகவும் முகாமையாளராகவும் இருக்கும் வாசகர்களுக்கும் இதில் சொல்ல வேண்டியது உண்டு.

பதுளைப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிடக் கனமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவர் வளர்ந்த வீட்டில், இடம் மாறிச் சம்பளம் கூடியதை யாரும் கண்டதில்லை. ஸ்பிரிங்வெலியில் பேர் போட்டாலும் மடுல்சீமையில் பேர் போட்டாலும் அடிப்படை நாட்சம்பளம் ஒன்றுதான். முப்பது வருடம் கொழுந்து பறித்த அம்மாவுக்கும் போன மாதம் மலையேறிய மருமகளுக்கும் அதே தொகை. கிலோ குறைந்தால் அரைப்பேர், கூடினால் மேலதிகக் கிலோவுக்குக் காசு; அனுபவத்துக்கென்று தனி விலை கிடையாது. சம்பளம் ஏறியதென்றால் அது கொழும்பில், முதலில் கூட்டு ஒப்பந்தத்திலும் பிறகு சம்பள நிர்ணய சபையிலும் ஏறியது. 1,000 ரூபாய்க் கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு 2021 மார்ச்சில்தான் வர்த்தமானிக்கு வந்தது. 2024இல் அடிப்படை 1,350 ஆனது. 2026க்கான வரவுசெலவுத் திட்டம் வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து அதை 1,750 ஆக்க முன்மொழிந்தது. எல்லோரும் சேர்ந்து கேட்பது எப்படியென்று இந்த வீடுகளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மேசைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து, எனக்கு இவ்வளவு வேண்டும் என்று சொல்வதைத்தான் யாரும் சொல்லித்தரவில்லை.

அதற்கும் பின்னால் இன்னொரு வரலாறு கிடக்கிறது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக ஒரு காலத்தில் ‘துண்டு’ தேவைப்பட்டது. தொழிலாளியின் பேரில் இருக்கும் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுவேன் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் கங்காணிக்கு முற்பணம் கொடுக்கும்; பழைய கடன் அடையும்; புதிய கடன் முன்னதைவிடப் பெரிதாகப் பதியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் விலை ஏறி ஆட்களுக்குப் போட்டி முற்றியபோது இந்தக் கடன்கள் மேலும் ஊதின. மாறியவர் தொழிலாளி, லாபம் கண்டவர் கங்காணி. 1921இல் சட்டம் இந்த முறையை ஒழித்தது. தாத்தாவின் தகப்பன் காலத்தில் மாறுதல் என்றால் கடன், தாய் தகப்பன் காலத்தில் மாறுதலால் பயனில்லை. தன் உழைப்பைத் தானே சுமந்துகொண்டு போய் நல்ல விலைக்குக் கொடுக்கக்கூடிய முதல் தலைமுறை இதுதான். அப்படிப்பட்டவரிடம் ‘நன்றியில்லாமல் ஓடுகிறாய்’ என்று சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை.

மாறினால் ஏன் கூடுகிறது? எங்கள் துறையில் ஊதிய உயர்வு ஏற்கெனவே வாங்கும் தொகையின் மீது சதவீதமாக வருகிறது; புதிதாக எடுப்பவருக்கோ அன்றைய சந்தை விலை. மாதம் 80,000 ரூபாயில் தொடங்கியவருக்கு ஆண்டுக்குப் பத்து வீதம் கொடுத்தாலும் மூன்று உயர்வுகளுக்குப் பிறகு 1,06,480தான். அதே மூன்று வருட அனுபவத்துக்கு வெளியே 1,50,000 கிடைக்குமென்றால், உள்ளே இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் பத்து வீதத்தால் அந்த இடைவெளியை எட்ட முடியாது. இதைத் தெரிந்தே நடத்துகிறார்கள் என்பது எங்கள் எண்ணம். பக்கத்து நாற்காலிக்காரரின் சம்பளம் தெரியாதவரை இந்த இடைவெளி யாருக்கும் உறுத்தாது.

2022 இதை எல்லோருக்கும் வெளிச்சமாக்கிய ஆண்டு. மார்ச் 7ஆம் திகதி ரூபாய் மிதக்கவிடப்பட்டது. டொலர் 200 ரூபாய்க்குச் சற்று மேலிருந்து மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. மாதம் ஒரு லட்சம் வாங்கியவரின் சம்பளம் ஏறக்குறைய 490 டொலரிலிருந்து 280க்கும் கீழே இறங்கியது. அவர் எழுதிய நிரல் டொலருக்கே விற்கப்பட்டுக்கொண்டிருந்தது. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் எழுபது வீதத்தை நெருங்கியது. சம்பளத்தை டொலரோடு இணைத்த நிறுவனங்களும் இருந்தன, வழமையான உயர்வோடு நிறுத்திக்கொண்டவையும் இருந்தன. அந்த நாட்களில் வெள்ளவத்தையில் போர்டிங் காசு கட்டி, தோட்டத்துக்கும் காசு அனுப்பிய ஒருவர் இரண்டாம் வகைக் கம்பனியை விட்டுப் போனதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது?

ஆட்களைக் கட்டிவைக்கும் ஆசை துரைமாரோடு முடியவில்லை. ஒருவர் ஆளை இன்னொருவர் அழைப்பதில்லை என்று அப்பிள், கூகுள், இன்டெல், அடோபி போன்ற நிறுவனங்கள் தமக்குள் வைத்திருந்த உடன்பாடுகளை அமெரிக்க நீதித்துறை 2010இல் நிறுத்தவைத்தது. பொறியியலாளர்கள் தொடர்ந்த வழக்கை முடிக்க இந்த நான்கு நிறுவனங்களும் 41.5 கோடி டொலர் கொடுக்க வேண்டிவந்தது. அதே கலிபோர்னியாவில், போட்டி நிறுவனத்துக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனை 1872 முதலே சட்டத்தில் செல்லாது. சிலிக்கன் பள்ளத்தாக்கின் வளர்ச்சிக்கு ஆட்களின் இந்த நடமாட்டம் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இங்கே பயிற்சிச் செலவு என்ற பெயரில் பிணை எழுதி வாங்கும் கம்பனிகள் இருக்கின்றன. இரண்டு வாரம் பழைய ஆவணங்களை வாசிக்கவிட்டதற்கு இரண்டு வருடப் பிணை கேட்டால், கையொப்பமிடுமுன் தொழில் சட்டம் தெரிந்த ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

எட்டு மாதத்துக்கு ஒரு தடவை மாறுவதை மட்டும் நாங்கள் ஆதரிக்கமாட்டோம். முதலாளிக்காக இதைச் சொல்லவில்லை. தான் எழுதியது ஒரு வருடம் கழித்து என்னவாயிற்று என்று பார்க்காதவருக்கு இந்தத் தொழில் முழுதாகக் கிடைப்பதில்லை. அவசரத்தில் போட்ட தரவுத்தள வடிவம் பத்தாயிரம் பதிவுகளில் ஓடியது, பத்து லட்சத்தில் நின்றது. அந்த இரவில் தொலைபேசி நமக்கு அடித்திருக்க வேண்டும். மூன்று கம்பனிகளில் முதல் வருடத்தையே மூன்று தடவை வாழ்ந்தவரை நேர்முகத்தில் இரண்டு கேள்விகளில் கண்டுபிடித்துவிடலாம். சம்பளம் அவரை விட்டு முன்னே ஓடிவிட்டதால், அடுத்த ஆட்குறைப்பில் அவர் பெயர்தான் முதலில் கண்ணில் படும். ஆகவே முதல் இடத்தில் ஒன்றரை முதல் இரண்டு வருடம்: ஒரு வேலையைத் தொடங்கி, வெளியிட்டு, அதன் பிழைகளைத் திருத்தும் அளவுக்கு. அங்கே கற்றுத்தர யாருமே இல்லையென்றால் அவ்வளவு காலமும் தேவையில்லை.

இனிக் காசுக்கணக்கு. பணிக்கொடைக்காக இரு என்று வீட்டார் சொல்வார்கள். தோட்டத்தில் அந்தக் காசின் அருமை தெரிந்தவர்கள் அவர்கள். 1983ஆம் ஆண்டின் சட்டப்படி ஐந்து வருடம் பூர்த்தியானால், வருடத்துக்கு அரைமாதச் சம்பளம். மேலே சொன்ன 80,000காரர் ஐந்தாம் வருட முடிவில் 1,17,128 வாங்குவார், பணிக்கொடை 2,92,820. மாதம் 30,000 கூடத் தரும் இடத்துக்குப் போனால் பத்து மாதத்தில் அது ஈடாகிவிடும். இரண்டாம் வருடத்தில் இருப்பவரை இந்தக் காரணம் தடுக்கக்கூடாது. நாலரை வருடத்தில் இருப்பவர் ஆறு மாதம் பொறுப்பது நல்லது.

பலர் கோட்டைவிடும் இடம் வேறு. புதிய நியமனக் கடிதத்தில் மொத்தத் தொகை பெரிதாக இருக்கும். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு என்று பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். 1,50,000 முழுவதற்கும் கட்டினால் மாதம் 22,500. அடிப்படை 60,000 என்று பிரித்து அதற்கு மட்டும் கட்டினால் 9,000. மாதம் 13,500 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. 2025 ஏப்ரல் முதல் வருமான வரி மாதம் 1,50,000க்கு மேல்தான் தொடங்குகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

டீம் லீடாக இருப்பவர்களுக்கு: உங்கள் அணியில் இருக்கும் இளையவர் விலகல் கடிதம் கொடுத்த பிறகு சம்பளத்தை உயர்த்திக் காட்டாதீர்கள். அந்தக் காசு போன மாதமும் உங்களிடம் இருந்தது என்பதுதான் அவருக்கு அதிலிருந்து விளங்கும். ஆண்டு மதிப்பீட்டுக்கு முன்பே சந்தை விலையைப் பார்த்து, அவருக்காக நீங்களே போய்க் கேளுங்கள். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் வாசகர்கள், உள்ளகப் பயிற்சிக்கு மாணவரை அனுப்புமுன் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒரு நியமனக் கடிதத்தை வரிவரியாக வாசிக்கவைத்தால் பெரும் உதவி.

அடுத்த இதழிலிருந்து, வாசகர்கள் அனுப்பும் சம்பள விபரங்களைப் பெயரும் கம்பனியும் இல்லாமல் அட்டவணையாக வெளியிடுவோம். அனுபவ ஆண்டுகள், பதவி, வேலை செய்யும் ஊர், அடிப்படைச் சம்பளம், கொடுப்பனவுகள், ரூபாயா டொலரா, கடைசி உயர்வு உள்ளிருந்தே கிடைத்ததா மாறியதால் கிடைத்ததா என்று எழுதி அனுப்புங்கள். பத்து வருடம் கடந்தவர்கள் தங்கள் முதல் சம்பளத்தையும் அது எந்த ஆண்டு என்பதையும் சேர்த்தனுப்பினால், புதிதாக வருபவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கிடைக்கும்.