பெற்ற தாய் கடத்துவாளா?

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் கடற்கரைச் சாலையில் பொம்மையார்பாளையம் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1954-ம் வருஷம் வரை இவ்வூர்க்காரர் புதுவைக்குப் போவதென்றால் வேறொரு தேசத்தாரின் ஆட்சிக்குள் போவதாகும். அந்த எல்லை போய்விட்டது. பிரெஞ்சு உறவு போகவில்லை. 1962-ல் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருக்க விரும்பிய புதுவைக் குடும்பங்களுக்கு அந்த உரிமை கிடைத்தது. அவர்களுடைய சந்ததியார் பலர் இன்று பிரான்ஸில் வாழ்கிறார்கள்; பெண் எடுக்க இந்தப் பக்கம் வருவதும் உண்டு.

அப்படி வாழ்க்கைப்பட்டுப் பாரிஸுக்குப் போன ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே! நாலு வயதுக் குழந்தையுடன் விடுமுறைக்குப் பொம்மையார்பாளையம் வருகிறாள். புருஷனோடு மனஸ்தாபம். "இனி அங்கே போவதில்லை" என்று பிறந்தகத்திலேயே தங்கிவிடுகிறாள். சில மாதங்களில் அந்நிய தேசத்துக் கோர்ட்டிலிருந்து காகிதம் வருகிறது. குழந்தையை அவள் கடத்தி வந்துவிட்டாளாம்! "நான் பெற்ற குழந்தையை நானே கடத்துவேனா?" என்று அவள் அழ மாட்டாளா?

ஆனால் சட்டம் அப்படியும் பார்க்கிறது. 1980-ல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் உருவாயிற்று. பதினாறு வயது நிரம்பாத குழந்தையைத் தாயோ தகப்பனோ மற்றவர் சம்மதமின்றி வேறு தேசத்துக்குக் கொண்டுபோனால், வழக்கமாக வசித்த தேசத்துக்கு அதைச் சீக்கிரம் திருப்பி அனுப்ப வேண்டும்; யார் வளர்ப்பது என்பதை அங்குள்ள கோர்ட்டு தீர்மானிக்கும். திரும்பினால் குழந்தைக்குப் பெரும் ஆபத்து என்று காட்டினால் விதிவிலக்கு உண்டு. பிரான்ஸ் இதில் சேர்ந்திருக்கிறது. இலங்கையும் 2001-ல் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை. சேரலாம் என்று சட்டக் கமிஷன் 2009-ல் சொல்லியும், கொடுமைக்கு அஞ்சி ஓடிவரும் தாய்மார்களின் கதி என்னாகும் என்ற கவலை எழுந்தது.

"அப்படியானால் நமக்குப் பயமில்லை" என்று நினைத்துவிடாதீர்கள். தகப்பன் சென்னை ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போடலாம். இங்கிலாந்திலிருந்து கோயமுத்தூருக்கு வந்துவிட்ட ஒரு தாயின் வழக்கில், இரண்டு பெண் குழந்தைகளையும் திரும்ப அங்கே அழைத்துப் போகும்படி 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2017-ல் வேறொரு வழக்கு. இருதய நோயுள்ள பெண் குழந்தை. டில்லியில் தாயுடன் இருந்தது. மூன்று நீதிபதிகள் விசாரித்து, அந்நியக் கோர்ட்டின் உத்தரவு கவனிக்க வேண்டிய விஷயங்களில் ஒன்றுதான், குழந்தையின் நலனே முதன்மையானது என்று சொல்லி, தாயிடமே விட்டார்கள்.

ஆகவே, புருஷன் பெண்சாதி சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதைவிட, குழந்தைக்கு எது நல்லது என்றுதான் நம் கோர்ட்டு முக்கியமாகப் பார்க்கும். உங்கள் பெண்ணோ தங்கையோ இப்படி வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?

புறப்படும் முன்பே புருஷனின் சம்மதத்தை எழுத்தில் வாங்குவது உத்தமம். அல்லது அங்குள்ள கோர்ட்டின் அனுமதி பெற வேண்டும். அடி உதை இருந்தால் அங்கேயே போலீஸிலும் டாக்டரிடமும் பதிவு செய்திருக்க வேண்டும். இங்கே வந்து வாயால் சொன்னால் மட்டும் போதாது. வந்த காகிதத்தைப் பிரிக்காமல் பெட்டியில் போட்டு மூடக் கூடாது. உடனே வக்கீலைப் பார்த்து, 1890-ம் வருஷத்துக் காப்பாளர் சட்டப்படி இங்கே மனுச் செய்யலாமா என்று கேட்க வேண்டும். பணமில்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச உதவி உண்டு.

இன்னொன்று. குழந்தை தகப்பனோடு டெலிபோனில் பேசுவதைத் தடுக்காதீர்கள். பெற்றவர் இருவரோடும் பேசிப் பழகுவது குழந்தையின் உரிமை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. கோபம் உங்களுக்குத்தான், "அப்பா எப்போது வருவார்?" என்று கேட்கிற பிஞ்சுக்கு அது தெரியாதல்லவா?